மூன்றாவது கார்

மறுபடியும் டங், டங், டங் என்று சத்தம்.

நெவில் தூக்கப்பையிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினான். மலையேறுகிறவர்கள் தங்கும் பொதுக் குடிலின் கதவு பாதி திறந்திருந்தது. பனி உள்ளே வந்து தரையில் படிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற அந்தப் பெண், குடிலின் இரும்பு வாணலியைப் பனிக்கோடரியின் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீயும் தூங்க மாட்டே, எங்களையும் தூங்க விட மாட்டியா? விடிஞ்சா நாங்க உச்சிக்குப் போகணும்."

"வெளியே ஆள் இருக்குங்க" என்றாள் நைரி.

தென்கோளத்து ருவாஹினி மலைக்கு, அங்கே நடுக்குளிர்காலமான ஜூலை மாதத்தில் தனியாக ஏறி வந்த பெண். நெவிலும் அவன் மச்சான் கிளைவும் வந்து அடுப்பு மூட்டிய பிறகு, இருட்டும் நேரத்தில் கடைசியாக வந்து சேர்ந்தவள். வந்ததும் பையைக்கூட இறக்காமல், "நீங்க ரெண்டு பேர்தானா? ஒரே வண்டியிலயா வந்தீங்க?" என்றுதான் கேட்டாள்.

அப்போது பிடித்த பிடியை இன்னும் விடவில்லை.

"கீழே மூணு வண்டி நிக்குது. ஒண்ணு என்னோடது, ஒண்ணு உங்களோடது. அந்தச் சின்ன வெள்ளைக் கார்ல வந்தவங்க எங்கே?"

"மான் வேட்டைக்காரங்க வண்டியா இருக்கும். அவங்க பள்ளத்தாக்குல தங்குவாங்க."

"நாய்க்கூண்டு இல்லாம வேட்டைக்காரன் வண்டியா? பின்சீட்ல ரெண்டு ஜோடி செருப்பு கிடக்கு. ஒண்ணு பொம்பளைச் செருப்பு."

"அப்போ குளிர் தாங்காம திரும்பிப் போயிருப்பாங்க."

"திரும்பியிருந்தா ஏறி வந்த நான் பாத்திருப்பேனே. வழியில ஒரு ஆள் இல்ல. அப்படின்னா பாதையை விட்டு விலகிட்டாங்கன்னுதான் அர்த்தம்."

கிளைவ் எழுந்து உட்கார்ந்தான்.

"மச்சான், நீதானே பின்னால வந்தே? யாரையும் பாக்கலையா?"

"எத்தனை தடவை சொல்றது? யாருமில்ல." நெவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். "அந்த அம்மாவுக்கு வீட்டு ஞாபகம். ராத்திரியில பாத்திரம் உருட்டலேன்னா தூக்கம் வராது போல."

கிளைவ் சிரித்துவிட்டான். நைரி நெற்றியில் கட்டியிருந்த தலைவிளக்கைக் கழற்றி, வெளிச்சம் வெளியே விழும்படி ஜன்னலில் வைத்தாள். மறுபடியும் கதவைத் திறந்தாள்.

டங், டங், டங்.

கொஞ்சம் நிறுத்தினாள். காது கொடுத்துக் கேட்டாள். காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நான் தேடிப் போகலாம்னா கைக்கெட்டுற தூரம்கூடத் தெரியல. போனா என்னையும் சேத்துத் தேடணும்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "சத்தம் ஒண்ணுதான் வழி."

அடித்தாள். நிறுத்தினாள். கேட்டாள். திரும்ப அடித்தாள்.

அடுப்பில் போட விறகு எடுக்க எழுந்த கிளைவ் அவள் கைகளைப் பார்த்தான். கையுறை நனைந்து விறைத்திருந்தது. விரல் மடங்கவில்லை. கோடரி இரண்டு முறை நழுவி விழுந்தது.

"கொடுங்க அந்த வாணலியை. நீங்க போய் அடுப்புக்கிட்ட உக்காருங்க."

"டேய், உனக்கும் பைத்தியமா?" என்று நெவில் உள்ளிருந்து கத்தினான்.

"யாராவது இருந்தா?"

"இருந்தா என்ன? அவங்கவங்க பாத்துத்தான் வரணும். இது என்ன பூங்காவா?"

கிளைவ் வாணலியை வாங்கி அடிக்க ஆரம்பித்தான். அவன் கை சோர்ந்தபோது நைரி வாங்கிக்கொண்டாள். அவள் கை விறைத்தபோது அவன் வாங்கிக்கொண்டான். நெவில் மட்டும் தூக்கப்பையின் வாயை இழுத்து மூடிக்கொண்டான்.

பொழுது விடிய இன்னும் நேரம் இருந்தது. கிளைவ் அடித்துவிட்டு நிறுத்தியபோது, ஒரு விசில் சத்தம்.

"காத்தா?"

"இல்ல" என்றாள் நைரி. "அடிங்க. விடாம அடிங்க."

சரிவின் கீழே ஒரு மங்கலான வெளிச்சம் ஆடியது. அணைந்தது. மறுபடி தெரிந்தது. நைரி இடுப்பளவுப் பனியில் இறங்கி ஓடினாள்.

ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும். இருவர் இடுப்பையும் ஒரே கயிற்றால் பிணைத்துக் கட்டியிருந்தார்கள். அவன் புருவமெல்லாம் பனி. அவளுக்குப் பேச்சு வரவில்லை. இழுத்து வந்து அடுப்பருகே உட்காரவைத்து, காலணியைக் கழற்றி, கால்களைக் கம்பளியில் சுற்றினார்கள். நைரி சூடாகச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கால் விரல்களில் சிவப்பு திரும்பிய பிறகுதான் அவளும் மூச்சு விட்டாள்.

நெவில் இப்போது எழுந்து நின்றிருந்தான். கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி.

நடுக்கம் குறைந்ததும் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அடுப்புக்கு மேலே ஆணியில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு நெவிலைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அண்ணே, நீங்கதானே? ஓடையில இறங்கித் தண்ணி பிடிச்சிட்டு நாங்க பாதைக்கு ஏறுறப்போ எங்களை முந்திப் போனீங்களே. 'எங்க காலடித் தடத்தைப் பிடிச்சிக்கிட்டே வாங்க, குடில் வந்துடும்'னு சொன்னீங்களே?"

கிளைவ் கையில் வாணலியோடு அப்படியே நின்றான்.

"கொஞ்ச நேரத்துலயே தடமெல்லாம் மூடிப்போச்சுண்ணே. ஒரு பாறைக்கு அடியில ஒண்டிக்கிட்டோம். இனிமே அவ்வளவுதான்னு நான் அழுதேன். அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர் நம்மள விட்டுட மாட்டார்னு இவர்தான் சொன்னார். அப்புறம்தான் சத்தம் கேட்டுது." அவள் எட்டி நெவிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்காக எவ்வளவு நேரமா தட்டிக்கிட்டே இருந்தீங்களோ."

நெவில் நைரியைப் பார்த்தான்.

நைரி விறைத்த விரல்களை அடுப்புக்கு நேரே நீட்டியபடி, அமைதியாகச் சொன்னாள்:

"ஆமாம்மா. ராத்திரி பூரா அவருக்குத் தூக்கமே இல்ல."