மைத்துனனின் சேவல்

"மாப்ள எங்கய்யா? வயித்துக்கு ஆகலையோ?" என்று முவங்கா ஒலிவாங்கியில் கேட்டதும், எங்கள் கட்வே ஊர் வீடியோ கொட்டகையின் தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள்.

படத்தை எடுத்த என் தங்கை நலுபேகா மட்டும் சிரிக்கவில்லை. அது அவளுக்கே நடந்த கதை; நடிகர்களை வைத்து எடுத்திருந்தாள்.

திரையில் இரண்டு பந்தல்கள். ஒன்றில் பளபளக்கும் கோமெஸி அங்கி உடுத்திய அத்தைகள், நடுவே மணப்பெண். எதிர்ப் பந்தலில், மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டிய இடத்தில், நூறு வெள்ளை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

அன்று வராமல் போன மாப்பிள்ளை வேறு யாருமில்லை. இப்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லிக்கொண்டிருக்கிற இதே முவங்காதான்.

எங்கள் ஊரில் வீஜே இல்லாமல் படம் ருசிக்காது. படம் ஓட ஓட அவர் கூடவே பேச வேண்டும், கேலி செய்ய வேண்டும். முவங்காவுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. எந்தப் படத்தையும் முன்கூட்டிப் பார்க்கமாட்டான். நடுவில் வாயை மூடவும் மாட்டான். மூடினால் பெஞ்சைத் தட்டுவார்கள், அடுத்த ஞாயிறு வேறு ஆளைத் தேடுவார்கள்.

அதை நம்பித்தான் இந்தக் கொட்டகையை நலுபேகா பிடித்தாள். சுவரொட்டியில் தன் பெயரைப் போடவில்லை.

"அவன் வாயாலயே அவனப் பாத்து ஊரு சிரிக்கணும்ண்ணா. அத ஒரு தடவ கேட்டுட்டேன்னா எனக்கு இந்த ஆத்திரம் விட்டுப் போயிரும்." எட்டு மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

"மணி நாலு. அத்தைங்க மட்டோக்கே பூரா தின்னு முடிச்சாச்சு. யோவ் மாப்ள, பாத்திரம் கழுவவாச்சும் வாய்யா."

திரையில் ஒரு வாடகை மோட்டார் பைக் பந்தலுக்குள்ளேயே வந்து நின்றது. பின்னிருக்கையில் மாப்பிள்ளை இல்லை. ஓட்டி வந்தவர் கையில் ஒரு சேவல் இருந்தது. கால்களை முழுக் கையாலும் பொத்தி, தலைகீழாகப் பிடித்திருந்தார்.

பெண்ணின் அண்ணன் கையில் மாப்பிள்ளை சேவல் கொடுத்தால்தான் எங்களுக்குக் கல்யாணம். மைத்துனன் அதைச் சமைத்துத் தின்பான். மாப்பிள்ளை வராமல் சேவல் மட்டும் வருவது எங்கள் குலத்தில் அதற்குமுன் நடந்ததே இல்லை. நான் தின்னலாமா கூடாதா என்று பெரியவர்கள் இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். முடிவாகவில்லை. சேவல் தங்கையின் முற்றத்திலேயே தங்கிவிட்டது. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்து, காலையும் மாலையும் அவள் திட்டிக்கொண்டு வாழ்ந்ததுதான் மீதிப் படம்.

கொட்டகை குலுங்கியது. முன்வரிசைப் பெண்மணி ஒருவர் தலைத்துணியை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் மட்டும் சத்தமில்லை.

முவங்கா சேவலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பெஞ்சைத் தட்டத் தொடங்கினார்கள். "என்ன வீஜே, சேவல் உன் நாக்கக் கொத்திருச்சா?" என்றது ஒரு பின்வரிசைக் குரல்.

நலுபேகா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கதவு அவனுக்கு நாலு எட்டில்தான் இருந்தது.

அவன் ஓடவில்லை.

"நல்லாப் பாத்துக்குங்க சனங்களே. மாப்ள எங்கன்னுதான கேக்குறீங்க? மூணு தெரு தள்ளி வண்டிக்குள்ள ஒக்காந்து நடுங்கிட்டிருக்கான். புதுக் கோட்டு வேற. மைக்கக் குடுத்தா நாள் பூராப் பேசுவான், அத்தைங்க முன்னால ஒரு வார்த்தை பேசத் துப்பில்ல. சிரிங்க. இவனப் பாத்துச் சிரிக்காம வேற யாரப் பாத்துச் சிரிப்பீங்க?"

சிரித்தார்கள்.

நலுபேகா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், எட்டு மாதத்தில் முதல் தடவையாக.

படம் அங்கேயே நின்றிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இன்னொண்ணு," என்றான் முவங்கா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அந்தச் சேவல் காலுல செவப்பு நூலால ஒரு சீட்டு கட்டிவிட்டான். 'நான் கோழை. திட்டணும்னா கூப்பிடு, முழுசாக் கேட்டுக்கிறேன். அதுவரைக்கும் இந்தச் சேவலத் திட்டிக்க'ன்னு. காத்து பிரிச்சுச்சோ, மச்சான் பிரிச்சானோ. கூப்பிடவே இல்ல அந்தப் பொண்ணு."

திரையில் அப்போதுதான் மணப்பெண் சேவலை மடியில் இருத்தி, முதல் திட்டைத் தொடங்கினாள். வீஜே சொன்னது அப்படியே நடக்கிறதே என்று கொட்டகை கைதட்டியது.

நலுபேகா என் பக்கம் திரும்பினாள். கன்னமெல்லாம் ஈரம்.

"படத்துல இல்லாததெல்லாம் சொல்றான் பாருண்ணா. சேவல வாங்குனது நீதான? அது காலுல எங்க சீட்டு இருந்துச்சு?"

அந்தக் காட்சியை எழுதியவன் நான். கேமரா பிடித்தவனும் நான். கால்களை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கும்படி வண்டிக்காரருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

அன்றே சீட்டைக் கொடுத்திருந்தால் அவள் கூப்பிட்டிருப்பாள். திட்டில் தொடங்கி மன்னிப்பில் முடித்திருப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்குவதாகத் தெரியவில்லை. பணப்பையைத் திறந்து, நாலாக மடித்திருந்த சீட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

சிவப்பு நூல் இன்னும் அதைச் சுற்றியே இருந்தது.