நீலத்துக்குள் ஒரு வீடு

தங்கை வாங்கிய வீட்டில் பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. சாயங்கால வெயில் மடிக்கணினியின் மேல் விழுகிறது. அதைக் கையால் மறைத்தபடி அவள் கணவன் திரையைப் பார்க்கிறான். வெள்ள வரைபடங்களை அரசாங்கம் இன்றைக்குத்தான் எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு வரைபட அலுவலகத்தில்தான் வேலை. தெருப் பெயரைத் தட்டியதும் படம் நகர்ந்து, பெரிதாகி நிற்கிறது. தெரு முழுக்க நீலம்.

“மச்சான், நீலம்னா தண்ணி நிக்கிற இடம்தானே?” “ஆமா மாப்பிள்ளை.” அந்த நீலத்தைப் போட்டதே அண்ணன்தான். இவர்கள் வீடு தேடி அலைந்தபோது, ஆபீஸ் விஷயத்தை வெளியே சொல்லி வேலைக்கு வினை தேடிக்கொள்வானேன் என்று வாயை மூடிக்கொண்டான். குடிவந்த அன்று வயிறார விருந்தும் சாப்பிட்டான். இப்போது மாப்பிள்ளை திரையை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்க்கிறான். “உங்க ஆபீஸ்தானே இதைப் போட்டது?”

தங்கை டீயோடு வருகிறாள். “அண்ணனைப் போய் என்னங்க கேக்குறீங்க? தெரிஞ்சிருந்தா நம்மகிட்ட சொல்லாம இருப்பாரா?” தம்ளரை அவன் கையில் வைக்கிறாள். “ஆறிடப்போகுது, குடிங்கண்ணா.” கொதிக்கிற தம்ளர் விரலைச் சுடுகிறது. அவன் அதைக் கீழே வைக்காமல், தலை குனிந்தபடி பிடித்துக்கொண்டே இருக்கிறான்.