மடித்துப் பார்த்தவர்கள்

பத்தாவது நாளாக அவள் அந்த மடக்கு போனை மடித்துப் பார்த்தாள். மடித்தாள், விரித்தாள், திரையின் நடுவில் கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"போதும் விடும்மா, அதுக்கும் முதுகு வலிக்கும்," என்றார் கடைக்காரர்.

மூலையில் பழுது பார்க்கும் மேசையில் குனிந்திருந்த அவருடைய மைத்துனர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "சும்மா இருங்க மச்சான். அந்தப் பொண்ணு மனசுக்குள்ள எப்பவோ வாங்கிடுச்சு. வீட்ல சொல்லத்தான் தைரியம் வரலை."

அவள் சிரித்து வைத்தாள். தைரியம் கொஞ்சம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அவள் வாங்க வரவில்லை.

அவள் ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தில் தற்காலிக வேலையில் இருந்தாள். மடிகிற திரைகள் மேல் ஆசை வளர்கிறதா என்று பத்து நாள் இந்தக் கடையில் இருந்து, அந்தப் போனைக் கேட்டு வருகிறவர்களை எண்ணி எழுத வேண்டும். அறிக்கை மேலாளர் மேடத்துக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நாளை மறுநாளிலிருந்து வீட்டில் உட்கார்ந்து, "அடுத்து என்ன?" என்று கேட்கும் சித்திக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நீ யாருன்னு யாருக்கும் தெரியக் கூடாது," என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். "சர்வேன்னு தெரிஞ்சா எல்லாரும் போட்டோவுக்கு நிக்கற மாதிரி நிப்பாங்க. வாங்க வந்தவ மாதிரியே இரு."

அப்படியே இருந்தாள். அரை மணிக்கொரு தரம் எழுந்து போய் மடித்தாள். மற்ற நேரம், வந்த செய்திக்குப் பதில் அனுப்புவதுபோல் தன் பழைய போனில் குறித்துக்கொண்டாள்.

எண்ணிக்கை அழகாக ஏறியது. முதல் நாள் ஒருவரும் இல்லை. மூன்றாம் நாள் ஒருவர். ஐந்தாம் நாள் நான்கு பேர். வந்தவர்கள் விடாமல் திரும்பத் திரும்ப வந்தார்கள், கூடவே புதிதாகவும் சேர்ந்தார்கள். இன்று மதியத்துக்குள் எட்டு.

ஒன்பதாவதாகக் கட்டம் போட்ட சட்டைக்காரர் நுழைந்தார். மூன்றாம் நாளிலிருந்து வருகிறவர். போனை அவளிடமிருந்து மெதுவாக வாங்கி இரண்டு தரம் மடித்தார்.

"எத்தனை தடவ மடிச்சா உடையும்?"

"நீங்கள்லாம் மடிக்கிற வேகத்துக்கு அடுத்த வாரம் தாங்காது," என்றார் மைத்துனர்.

சட்டைக்காரர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து இதைக் கேக்கறாங்க?"

கடைக்காரர் துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார். "வர்றவங்க எல்லாரும் விலையைக் கேக்காம இதையே கேக்கறீங்க. எல்லாரும் கேக்கறீங்க, ஒருத்தரும் வாங்கலை. கைரேகை பாக்கறவர்கிட்டகூட இத்தனை கை வராது. போதுமா?"

அவளுடைய விரல்கள் பரபரத்தன. 'எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே வாங்க நினைக்கிறார்கள். விற்பனை விரைவில் தொடங்கும்' என்று தட்டினாள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில்கூட அவளுக்கு இவ்வளவு தெளிவான முடிவு கிடைத்ததில்லை.

"நீங்க வாங்கப் போறீங்களா?"

நிமிர்ந்தாள். சட்டைக்காரர் அவளைத்தான் கேட்டார்.

"யோசிச்சுட்டு இருக்கேன்."

"இதுல உங்களுக்கு என்ன ரொம்பப் பிடிச்சிருக்கு?"

"பைக்குள்ள சின்னதா இருக்கும். கையில பெருசா இருக்கும்." அதற்குள் காது சிவந்துவிட்டது.

அவர் நன்றி சொல்லிப் போனதும் மைத்துனர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். "இவர் போனைப் பாக்க வர்றாரா, பொண்ணைப் பாக்க வர்றாரா மச்சான்?"

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்று மாலையே அறிக்கையை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை மேடம் அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

"உக்காரு. நல்லா எழுதியிருக்கே. வேலை உனக்குத்தான். லெட்டர் டைப் ஆகிட்டு இருக்கு."

அவள் உட்கார்ந்தாள். 

"எனக்கே முதல்ல நம்பிக்கை இல்ல. ஒரு சின்னக் கடையில ஒன்பது பேரான்னு. இப்பதான் விஷயம் தெரிஞ்சுது. இந்த வேலையைக் கொடுத்த திரை பண்ற கம்பெனி நம்மளை மட்டும் நம்பலை. அதே கடைக்கு இன்னும் ஒன்பது நிறுவனத்துலேருந்து தலா ஒருத்தரை அனுப்ப வச்சிருக்காங்க. அவங்களும் உன்ன மாதிரியே வாங்க வந்தவங்களா நடிச்சு எண்ணியிருக்காங்க." மேடம் மேசையில் இருந்த காகிதக் கட்டைத் தட்டினார். "ஒப்பிட்டுப் பாருங்கன்னு எல்லா அறிக்கையும் வந்திருக்கு. ஒன்பதும் பேசி வச்ச மாதிரி, கூட்டம் ஏறிட்டே போகுதுன்னு சொல்லுது."

ஒன்பது. அவள் கட்டம் போட்ட சட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முகமாக எண்ணினாள். கணக்கு சரியாகவே வந்தது. உண்மையாகவே வாங்க வந்தவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை.

"மேடம், அது வந்து..."

"இரு. ஒரே ஒரு குறை. அந்த ஒன்பது பேர் கண்ணுலயும் பட்ட ஒரு ஆளை நீ கோட்டை விட்டுட்டே." மேடம் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "எப்பப் போனாலும் ஒரு பொண்ணு அந்தப் போனும் கையுமா இருக்காளாம். இந்தச் சந்தையோட எதிர்காலமே அவதான்னு எழுதியிருக்காங்க."

அவள் தன் பழைய போனைப் பைக்குள் தள்ளினாள். 

"லெட்டர்ல நான் கையெழுத்துப் போடறதுக்குள்ள, அவளைத் தேடிப் பிடிச்சு ஒரு பேட்டி எடுத்துட்டு வந்துடு."