மாடிப்படியில் தணிகாசலம்

சினிமாச் சுவரொட்டியில் சிரிப்பு மன்னன் என்று போட்டுக்கொண்ட தணிகாசலம் வாழ்நாளில் ஒரு முறைகூட விழுந்ததில்லை. படியில் உருண்டது, சாக்கடையில் குப்புற விழுந்தது எல்லாம் அவருக்குப் பதிலாக ராயபுரத்துத் தமீம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். அதே வேட்டி, அதே டோப்பா முடி, முகம் மட்டும் தெரியாது. அவன் விழுந்த இடத்தில் தணிகாசலம் வந்து படுத்துக்கொண்டு முழிப்பார். அந்த முழிக்குத்தான் கைதட்டலும் மோட்டார் காரும்.

கடைசியாக ஒரு படத்தில் மாடிப்படியில் உருண்டதில் தமீமுக்கு முதுகெலும்பு போனது. அந்தப் படம் எங்கள் திருவொற்றியூர் டென்ட் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தபோதே இறந்துபோனான். அன்று சாயங்காலம் தணிகாசலம் மாலை போட்டுக்கொள்ளக் கொட்டகைக்கு வந்தார்.

வாசலில் தமீமின் மச்சான் அமீருதீன் நின்றிருந்தான். "தமீம் மவுத்தாயிட்டான் சார். இப்பத்தான் அடக்கம் பண்ணிட்டு வர்றோம். ஒரு தபா வூட்டாண்ட வந்துட்டுப் போங்க."

"அதுக்கு நான் என்னய்யா பண்றது? விழறதுக்கு வேற ஆளா கிடைக்க மாட்டான்?" என்று சொல்லிவிட்டு, முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

நான்தான் ஆபரேட்டர். நேற்று ஓட்டிய அதே ரீலைத்தான் ஓட்டினேன். மாடிப்படிக் காட்சி வந்தது. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்திருந்த ஜனம் சிரிக்கத் தயாரானது. திரையில் தணிகாசலம் உச்சிப்படிக்கு வந்தார். கால் வழுக்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இன்னா நைனா, வுழு!" என்று யாரோ கத்தினார்கள்.

ரீல் தீரும்வரை அவர் அங்கேயே நின்று, யாரோ வர வேண்டியிருப்பதுபோல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.