இடது பக்கத்துக்காரன்

"ரெண்டாவது பாதிக்கு நீ வலது பக்கம் போ" என்று மிஸ்டர் பிட்கெய்ர்ன் சொன்னபோது டூகல் லோகன் தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மாட்டேங்கய்யா."

இடைவேளை. ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். அதைக் காப்பாற்றி வைத்திருந்தது எங்கள் கோல்கீப்பர்தான், நான் அல்ல. வலது பக்கத் தடுப்பு என்னுடையது, இடது பக்கம் டூகலுடையது. கில்பிரே அணியின் ஸ்பென்ஸ் என் பக்கமாகவே வந்து மூன்று முறை என்னை மண்ணைக் கவ்வ வைத்திருந்தான்.

எங்கள் இருவரையும் இடம் மாற்றினால் அவன் அடங்குவான் என்பது கிளப் தலைவர் பிட்கெய்ர்னின் கணக்கு. தப்பில்லை. கிளாஸ்கோ வரைக்கும் தேடினாலும் ஸ்பென்ஸை நிறுத்த டூகலை விட்டால் ஆள் கிடையாது.

"இடது பக்கம் என்ன உன் பாட்டன் சொத்தா?"

"அப்படித்தான்னு வச்சுக்குங்களேன்."

யாரோ சிரிப்பை மறைக்க இருமினார்கள்.

எங்கள் ஊரில் யார் ஆடுவது என்பதைக் கமிட்டிதான் முடிவு செய்யும். வியாழக்கிழமை மாலை மைதான வாசலில் இருக்கும் பலகையில் பதினோரு பெயர்களை ஒட்டுவார்கள். கமிட்டி என்றால் பிட்கெய்ர்ன். வருகிற வியாழக்கிழமை பலகையில் உன் பெயர் இருக்காது, அதற்குப் பிறகும் இருக்காது என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றும் வழக்கம் அப்போது கிடையாது.

டூகலுக்கு முப்பத்து மூன்று வயது. வேறு எந்தக் கிளப்பும் இனி அவனைத் தொடாது. மறுபடி நிலக்கரிச் சுரங்கம்தான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. என் மானத்தைக் காப்பாற்றத்தான் முரண்டு பிடிக்கிறான் என்று நினைத்தேன். எவன் இரக்கமும் எனக்கு வேண்டாம்.

"போய்த் தொலையேன்டா. இடது பக்கத்த நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவன் பூட்ஸ் நாடாவை இறுக்கிக் கட்டினான்.

வெளியே வந்ததும் நேராகப் போய் இடது பக்கமே நின்றான். பதினோரு வருஷமாக நிற்கிற இடம். பிட்கெய்ர்ன் இருக்கையிலிருந்து எழுந்து கைத்தடியால் வலது பக்கத்தைக் காட்டிக் கத்தினார். பிறகு கூட்டமும் கத்தியது. ஆறாயிரம் பேர் திட்டுகிறார்கள். இவன் எச்சிலைத் துப்பிவிட்டு அங்கேயே நின்றான்.

கடைசி நிமிடங்களில் ஸ்பென்ஸ் நான்காவது முறையாக என்னைத் தாண்டினான். நான் சேற்றில் குப்புறக் கிடந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், டூகல் அந்தக் கோடியிலிருந்து குறுக்கே பாய்ந்து வருகிறான். ஸ்பென்ஸ் உதைக்கக் காலை ஓங்கிய நொடியில் பந்தைக் கொத்திக்கொண்டு போய்விட்டான். ஆளைத் தொடக்கூட இல்லை.

ஜெயித்தோம்.

உடை மாற்றும் அறையில் ஒரே கூச்சல். வெந்நீர்த் தொட்டிக்குள் நாலு பேர் நாலு சுருதியில் பாடினார்கள். டூகல் பெஞ்சில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு வலப்புறம்.

பிட்கெய்ர்ன் உள்ளே வந்தார். டூகலுக்கு இடப்புறமாக வந்து நின்று, கையுறையைக் கழற்றி, கையை நீட்டினார்.

பாட்டு நின்றது. அந்த மனிதர் ஒரு ஆட்டக்காரனுக்குத் தானாகக் கை நீட்டி நாங்கள் பார்த்ததே இல்லை. வாய்விட்டு மன்னிப்புச் சொல்லும் ஆளில்லை அவர். அந்தக் கைதான் மன்னிப்பு. அதைப் பிடித்தால் போதும், வியாழக்கிழமை பெயர் இருக்கும்.

டூகல் திரும்பவில்லை. காலுறையில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பிட்கெய்ர்னின் முகம் கழுத்துவரை சிவந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு நெஞ்சழுத்தக்காரனா!

டூகல் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். "ஏன்டா எல்லாரும் ஊமையாயிட்டீங்க? யாரு வந்துட்டுப் போனது?"

கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. எழுந்து அவனுக்கு இடப்புறம் போய், கண்ணருகே கையை ஆட்டினேன்.

இமை அசையவில்லை.

இடது ஓரத்தில் நிற்கிறவனுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோடு மட்டும்தான். மைதானம் முழுக்க வலது கண்ணுக்குள் இருக்கும். பதினோரு வருஷம் ஒற்றைக் கண்ணால் ஆடியிருக்கிறான், பாவி.

வந்தது யார், எதற்கு என்று சொன்னேன். ஓடிப்போய் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கதவுப் பக்கம் திரும்பினேன். டூகல் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"உக்காருடா. கண்ணு தெரியாதவன்னு சொல்லி எவனும் என்னை அனுப்ப வேணாம். திமிரு புடிச்சவன்னே அனுப்பட்டும்."