கழித்தல் கால்

வலது பக்கத்து ஒயர் கழன்று விழுந்ததும், பதினோரு வருடத்துக்கு முன் செத்துப்போன மகள் ஹெட்போனில் சிரித்தாள்.

மெக்கானிக் பதறிப்போய் ஒயரைத் திரும்பச் சொருகினார். மகளைக் காணோம்.

கழற்றினார், இருந்தாள். சொருகினார், போய்விட்டாள்.

அவள் இருந்தபோது பதிந்தது இந்த ஒரே ஒரு கேசட்தான். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த இரட்டை ஸ்பீக்கர் டேப்பில், அம்மாவுக்கு ஒரு மைக், அப்பாவுக்கு ஒரு மைக், நட்டநடுவில் ஒன்பது வயதுச் சிட்டு. பதிந்த பத்தாம் நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் டேப். எத்தனை தடவை போட்டாலும் அதில் சிட்டுவின் குரல் இல்லை. கடைசியில் மனைவி, "அம்மா மேல கோபமாடி?" என்று கேட்பாள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு மனைவியை அதட்டுவதுபோல் இவர் குரல்: "எல்லாம் எனக்குத் தெரியும், நீ சும்மா இரு." அத்தோடு டேப் முடிந்துவிடும்.

முதல் தடவை கேட்ட அன்றைக்கு இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அன்னைக்குக் காலைல அடிச்சேல்ல, அதான் பிள்ள வாயே தொறக்கல" என்று சொல்லிவிட்டார். துக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே? அன்றிலிருந்து மனைவி அந்தக் கேசட்டைத் தொடவில்லை. அடித்த கையை மட்டும் சில நேரம் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள்.

நாடா நைந்துபோவதற்குள் போனில் ஏற்றிவிடலாம் என்றுதான், ரிப்பேருக்கு வந்த பெரிய டேப்பில் இன்று அதைப் போட்டார். இடது, வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க எட்டுக்கால் ஐசி ஒன்றை வைத்துச் சின்ன சர்க்யூட் கட்டினார். ஆப்-ஆம்ப் என்பார்கள். கூட்டல் காலில் எத்தனை குரலைக் கொடுத்தாலும் கூட்டிக் கொடுக்கும். கழித்தல் காலில் கொடுத்ததைத் தலைகீழாக்கிச் சேர்க்கும். யார் குரல் என்றெல்லாம் அது பார்க்காது.

கூட்டினால் ஒருத்தி காணாமல் போகிறாளே, எப்படி?

முப்பது வருட மெக்கானிக்குக் காரணம் பிடிபட அரை நிமிடம் ஆனது. ஒரு மைக்கின் ஒயர் மாறியிருக்கிறது. அதில் ஒலியலை ஏறும்போது மற்றதில் இறங்கும். பெரியவர்கள் இருவரும் ஆளுக்கொரு மைக்கை ஒட்டி உட்கார்ந்ததால் தப்பித்தார்கள். நடுவில் இருந்தவள் குரல் இரண்டிலும் சரிசமமாக விழுந்து, ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து, ஒன்றுமில்லாமல் போனது. வீட்டு ஒற்றை ஸ்பீக்கரும் இத்தனை வருடம் அதையேதான் செய்திருக்கிறது.

அன்றைக்கு அந்த ஒயர்களைத் திருகியது யார்? அடப்பாவி மனுஷா, நீதானே!

கேசட்டை எடுத்துப் பூட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பும் வரத்தான் செய்தது.

வலது ஒயரைக் கூட்டல் காலிலிருந்து எடுத்துக் கழித்தல் காலில் பற்றவைத்தார். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரை மாட்டினார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

எந்தக் கேசட் என்று தெரிந்ததும் அவள் வர மறுத்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டதும் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

இருவரும் கடைசிவரை கேட்டார்கள்.

"அம்மா மேல கோபமாடி?"

"ஐய, அதெல்லாம் அப்பவே போயிடுச்சும்மா."

மனைவி ஸ்பீக்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டேப் ஓடிக்கொண்டிருந்தது. சிட்டு இன்னும் பேசி முடிக்கவில்லை.

"அப்பா, இங்க பாருப்பா, செவப்பு ஒயர் மாறியிருக்கு."

அதற்குப் பிறகுதான் அவர் குரல் வந்தது.

"எல்லாம் எனக்குத் தெரியும், நீ சும்மா இரு."