கைப்பையின் வார்

பாலிகஞ்ச் தேவாலயத்தின் பின்கூடத்தில் மழையிருட்டு. மாதா சொரூபத்தின் முன் ஒற்றை மெழுகுவர்த்தி எரிகிறது. குடியை விடப் பாடுபடுகிறவர்களும் வீட்டாரும் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். ஜெபத்துக்குக் கைகோத்துக்கொள்ளச் சொல்கிறார் சிஸ்டர். நாகரத்தினம் மடியில் இறுக்கியிருந்த கைப்பையைத் தரையில் வைக்கிறாள்; கால் தானாகவே அதன் வாரை மிதித்துக்கொள்கிறது. பையைத் தலையணைக்கடியில் வைத்தே தூங்கிய பழக்கம் காலுக்கும் வந்துவிட்டது. குடிக்கக் காசு தேடி எத்தனையோ முறை அந்தப் பையைத் துழாவிய மகன் பிரேம்குமாரின் விரல்கள் இப்போது அவள் கைக்குள் இருக்கின்றன. வங்காள மொழியில் ஜெபம் முணுமுணுப்பாக எழுகிறது. அவள் கண்ணைத் திறக்கிறாள். அவன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். உடம்பு கூசிப்போய்ப் பாதத்தை மெல்ல நகர்த்துகிறாள்.

"காலை எடுக்காதம்மா," என்கிறான் தலை நிமிராமல். "அங்கேயே இருக்கட்டும்."